டிரையத்லான் பயிற்சிக்கு எந்த சைக்கிள்? டெல்டாக்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானுக்குப் புதிதாகப் பயிற்சி எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் சைக்கிளை வாங்கிவிடுகிறார்கள். எந்தப் போட்டி, எந்த சாலை, என்ன அளவு என்ற யோசனை அப்புறம்தான் வருகிறது. ஆறு மாதத்தில் சைக்கிள் மாடிப்படிக்கடியில் போய் நின்றுவிடுகிறது. வாங்கியவர் முட்டிவலியோடு ஓட்டப் பயிற்சியை மட்டும் தொடர்கிறார்.

பயிற்சி சைக்கிளைத் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு. வாரத்தில் நான்கு நாள் நீங்கள் ஓட்டப்போகும் சாலை ஒன்று. ஒன்றரை மணி நேரம் இடைவிடாமல் உங்கள் உடம்பு தாங்கும் உட்காரும் நிலை இன்னொன்று. கீழே உள்ள வரிசை அதற்காகவே. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான விடையைத் தருவதால், வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. கடைக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் போட்டியின் தூரம். ஸ்பிரின்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரம் 1.5 கி.மீ., 40 கி.மீ., 10 கி.மீ. அரை அயர்ன்மேன் 1.9 கி.மீ., 90 கி.மீ., 21.1 கி.மீ. முழு அயர்ன்மேனில் சைக்கிள் மட்டுமே 180 கி.மீ. இருபது கிலோமீட்டருக்குப் போதுமான சைக்கிள் தொண்ணூறுக்குப் போதாது. அடுத்த ஒரு வருடத்தில் எதில் கலந்துகொள்ளப் போகிறீர்கள் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து முழு அயர்ன்மேன் என்ற கனவை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இரண்டாவது, அந்தப் போட்டியின் விதி. முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பிப்பதை டிராஃப்டிங் என்பார்கள். அதை அனுமதிக்கும் போட்டிகளில் ரோடு சைக்கிள்தான் செல்லும்; டிரையத்லானுக்கென்றே செய்த டிடி சைக்கிளுக்கும், முழங்கையை ஊன்றிக் குனிய முன்னால் நீட்டிய ஏரோபாருக்கும் இடமில்லை. பொதுப் பிரிவினருக்கான பெரும்பாலான போட்டிகள் டிராஃப்டிங்கைத் தடுப்பவை. விதியைப் படிக்காமல் வாங்கிவிட்டு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, உங்கள் கால் அளவு. செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே தூக்குங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்து சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் அளந்தால்தான் சரியாக வரும். இந்த எண் 5-ஆம் படியிலும் 8-ஆம் படியிலும் வேண்டும்.

2. வீட்டில் இருக்கும் சைக்கிளை மூன்று வாரம் ஓட்டுங்கள்

கேரியர் வைத்த பழைய சைக்கிளாக இருந்தாலும் சரி, தம்பி பள்ளிக்கு ஓட்டிய கியர் சைக்கிளாக இருந்தாலும் சரி. வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து ஓட்ட முடிகிறதா என்பது இதில் தெரிந்துவிடும்.

அதைவிட முக்கியம், எங்கே வலிக்கிறது என்பது. ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதுங்கள்: உள்ளங்கை, கழுத்து, கீழ்முதுகு, உட்காரும் இடம், முட்டி. கீழ்முதுகு ஏற்கெனவே பிடித்துக்கொள்கிற உடம்பு என்றால், மிகவும் குனிந்து ஓட்டும் ரேஸ் வகை ரோடு சைக்கிள் உங்களுக்கு ஆகாது. இது தெரியாமல் கடைக்குப் போனால், அங்கே பளபளப்பாக நிற்பதே சரியாகத் தோன்றும்.

பெரும்பாலானவர்கள் தாண்டிவிடும் படி இது. தயவுசெய்து தாண்டாதீர்கள்.

3. உங்கள் சாலையைப் படியுங்கள்

நம் டெல்டா ஒரு விசித்திரமான பயிற்சிக் களம். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாகப்பட்டினம் வரை ஏறத்தாழ 80 கி.மீ. தூரத்தில் நிலம் இறங்குவது அவ்வளவுதான். வல்லம் பக்கம் உள்ள மேடு தவிர ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

சமதளம் சுலபம் என்று தோன்றும். ஆனால் மலைப்பாதையில் ஏறும்போது எழுந்து நின்று மிதிப்பீர்கள், இறங்கும்போது கால் ஓயும். இங்கே அந்த ஓய்வே கிடையாது. நிமிடத்துக்கு 85 சுற்று மிதித்தால் ஒன்றரை மணி நேரத்தில் 7,650 சுற்று, எல்லாம் ஒரே நிலையில் உட்கார்ந்தபடி. சீட் உயரம் ஒரு சென்டிமீட்டர் தப்பினாலும் முட்டி அத்தனை தடவையும் அதைச் சுமக்கிறது. அதனால்தான் டெல்டாவில் சைக்கிளின் எடையைவிட அளவுக்கு அதிக மதிப்புத் தர வேண்டும். இருநூறு கிராம் குறைவு என்று பணத்தைக் கொட்டுவது ஏற்றம் உள்ள ஊர்க்காரர்களின் கவலை.

அடுத்தது காற்று. நமக்கு மலை இல்லாத குறையை ஆனி, ஆடி மேல்காற்று தீர்த்துவிடும். எதிர்காற்று 15 கி.மீ. வேகத்தில் வரும்போது நீங்கள் 25 கி.மீ. வேகத்தில் போனால், உடம்பு 40 கி.மீ. வேகக் காற்றைக் கிழிக்கிறது. காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். காற்றில்லாத நாளில்கூட வேகத்தை 10 சதவீதம் கூட்ட, காற்றுக்காக மட்டும் 33 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். அந்தத் தடையில் பெரும்பகுதி சைக்கிளால் வருவதில்லை, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் நம் உடம்பால் வருகிறது. எனவே குனிந்து பிடிக்க வழி உள்ள ஹேண்டில்பார் இங்கே ஆடம்பரம் அல்ல.

அப்புறம் சாலையின் தரை. நெடுஞ்சாலையை மட்டும் மனதில் வைத்து முடிவு செய்யாதீர்கள். வருடத்தில் பாதி நாள் உங்கள் சாலை வேறு மாதிரி இருக்கும். குறுவை அறுவடையின்போதும், தை மாசியில் சம்பா, தாளடி அறுவடையின்போதும் சாலையின் பாதியில் நெல் காயும். ஓரத்தில் அண்டை கொடுத்த கற்களை நெல்லை அள்ளிய பிறகு பலர் எடுப்பதில்லை. விடியல் இருட்டில் கருப்புத் தாரில் கருப்புக் கல் தெரியாது. சிதறிய நெல்மணி மெல்லிய டயரின் அடியில் உருளும். வைக்கோல் செயினில் சுற்றும். அறுவடை இயந்திரம் வயலிலிருந்து ஏறிய இடத்தில் சேறு காய்ந்து மேடாக நிற்கும். தாளடி வயலுக்குப் போகிற வாத்துக்கூட்டம் சாலையைக் கடந்தால் இரண்டு நிமிடம் நின்றுதான் போக வேண்டும்.

வாய்க்கால் கரை, ஆற்றங்கரைச் சாலைகளில் வண்டிகள் குறைவு. ஆனால் பல இடங்களில் தார் பெயர்ந்து கப்பி தெரியும், ஓரங்களில் சீமைக்கருவேல முள் கிடக்கும்.

எனவே ஒரு நாள் பைக்கில் உங்கள் பயிற்சிப் பாதை முழுவதும் போய்ப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டர் நல்ல தார், எத்தனை கப்பி, எத்தனை வேகத்தடை, எத்தனை ரயில்வே கேட் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கப்பியும் மண்ணும் கால்வாசிக்கு மேல் இருந்தால் 4-ஆம் படியில் உங்கள் விடை மாறும்.

4. வகையைத் தேர்ந்தெடுத்தல்

*எம்டிபி, அதாவது மலைப்பாதை சைக்கிள்.* கையில் இருந்தால் ஆரம்பத்துக்கு ஓட்டுங்கள், ஆனால் இதற்காகப் புதிதாக வாங்காதீர்கள். தடித்த முள் டயர் தாரில் இழுக்கும். முன்பக்க சஸ்பென்ஷன் ஒவ்வொரு மிதிப்பிலும் அமுங்கி உங்கள் உழைப்பில் கொஞ்சத்தைத் தின்னும். ஸ்பிரின்ட் போட்டிகள் பலவற்றில் இதை அனுமதிப்பார்கள். அதை ஓட்டி முடிக்கலாம், அதில் குறைவொன்றும் இல்லை.

*ஹைப்ரிட்.* நேரான ஹேண்டில்பார், 35 மில்லிமீட்டரை ஒட்டிய டயர். முதல் வருடம் ஸ்பிரின்ட் மட்டும், வீட்டு வேலைக்கும் இதே சைக்கிள் என்றால் நல்ல தேர்வு. வாங்குவதானால் சஸ்பென்ஷன் இல்லாத, கெட்டியான போர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) உள்ளதாக வாங்குங்கள். குறை ஒன்று உண்டு: கையை வைக்க ஒரே இடம். ஒரு மணி நேரம் தாண்டினால் உள்ளங்கை மரத்துப்போகும். ஆடி மாதம் மேற்கே திரும்பினால் நெஞ்சு முழுக்கக் காற்று.

*கிராவல், அதாவது கப்பிச் சாலைக்கான சைக்கிள்.* வளைந்த ஹேண்டில்பார், 38 முதல் 45 மில்லிமீட்டர் வரை டயர். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் உள்கிராமங்களில் இருந்து பயிற்சி எடுப்பவர்களுக்கு, பாதையில் கப்பி அதிகம் உள்ளவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். போட்டிக்கு முன் 30 அல்லது 32 மில்லிமீட்டர் வழவழப்பான டயர் மாற்றினால் ரோடு சைக்கிளுக்கு வெகு அருகில் வந்துவிடும்.

*ரோடு சைக்கிள்.* இதிலேயே இரண்டு வகை இருப்பது பலருக்குத் தெரியாது. ரேஸ் வகையில் ஹேண்டில்பார் தாழ்வாகவும் தொலைவாகவும் இருக்கும். என்ட்யூரன்ஸ் வகையில் சற்று உயரமாகவும் கிட்டவும் இருக்கும். 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயருக்கு இடமும் இருக்கும். டெல்டாவில் பயிற்சி எடுக்கும் பத்தில் எட்டுப் பேருக்கு என் விடை, என்ட்யூரன்ஸ் வகை ரோடு சைக்கிள். மேலே பிடித்தால் கிராமத்துக்குள் போகலாம், பிரேக் லீவரின் மேல்மேட்டில் பிடித்தால் நாள் முழுக்க ஓட்டலாம், கீழ்வளைவில் பிடித்தால் மேல்காற்றைச் சமாளிக்கலாம். ஒரே சைக்கிளில் மூன்று நிலை கிடைப்பதுதான் இதை நான் சொல்லக் காரணம்.

*டிடி, அதாவது டிரையத்லான் சைக்கிள்.* சீட் குழாய் செங்குத்தாக, 76 முதல் 80 டிகிரி வரை நிற்கும். ரோடு சைக்கிளில் 73 டிகிரியை ஒட்டி இருக்கும். இதனால் உடம்பு முன்னுக்கு வருகிறது, இடுப்பு மடங்காமல் குனிய முடிகிறது, இறங்கி ஓடும்போது தொடை சீக்கிரம் இளகுகிறது. நேரான, காலியான சாலையில் இதற்கு நிகர் இல்லை.

சிக்கல் எங்கே என்றால், முழங்கையை ஊன்றிக் குனியும்போது விரல் அருகே இருப்பது கியர் மட்டுமே. பிரேக் பக்கவாட்டு ஹேண்டிலில் இருக்கிறது. ஆடு குறுக்கே வந்தால் கையை எடுத்து, அகட்டி, பிடித்து, அப்புறம்தான் அழுத்த முடியும். பாபநாசம், அய்யம்பேட்டை கடைத்தெரு வழியாகப் போகும் சாலையில் அந்த ஒரு நொடி மிகப் பெரியது. நான்குவழிச் சாலையிலும் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகளை மறந்துவிட முடியாது. கூட்டமாக ஓட்டும்போது ஏரோபாரில் குனிவது பக்கத்தில் வருபவருக்கும் ஆபத்து.

டிடி வாங்கலாம் என்று நான் சொல்வது மூன்றும் சேர்ந்தால் மட்டும்: அரை அயர்ன்மேன் ஒன்றாவது முடித்திருக்க வேண்டும், வீட்டில் பயிற்சி எடுக்க, சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் டிரெய்னர் சாதனம் இருக்க வேண்டும், ரோடு சைக்கிளும் கையில் இருக்க வேண்டும். முதல் சைக்கிளாக வேண்டவே வேண்டாம்.

5. அளவு: இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்

என் முதல் ரோடு சைக்கிள் இரண்டு அளவு பெரியது. தள்ளுபடி விலை, கையிருப்பில் அது ஒன்றுதான், "சீட்டை இறக்கினால் சரியாகிவிடும்" என்று கடையில் சொன்னார்கள். நம்பினேன். சீட்டை இறக்கலாம், ஹேண்டில்பார் வரையிலான நீளத்தை அப்படிக் குறைக்க முடியாது. எட்டு மாதம் தோளும் கழுத்தும் இறுகி, ஒரு போட்டியைத் தவறவிட்டு, பாதி விலைக்கு விற்றேன். அந்த வலியை நீங்கள் பட வேண்டாம்.

உயரத்தை மட்டும் சொல்லி அளவு கேட்காதீர்கள், முதல் படியில் எடுத்த கால் அளவையும் சொல்லுங்கள். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடல் நீளம். நிறுவனத்தின் அளவு அட்டவணையில் ஸ்டாக், ரீச் என்று இரண்டு எண்கள் இருக்கும். பெடல் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து, ஹேண்டில்பார் பொருந்தும் பிரேம் குழாயின் உச்சி எவ்வளவு மேலே என்பது ஸ்டாக்; எவ்வளவு முன்னே என்பது ரீச். இரண்டு அளவுக்கு நடுவில் நீங்கள் விழுந்தால் சிறியதை எடுங்கள். சிறியதை நீட்ட ஸ்டெம்மும் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு) சீட் கம்பியும் உதவும், பெரியதைச் சுருக்குவது கடினம்.

155 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, கடையில் நிற்கும் சைக்கிள்கள் பெரும்பாலும் பெரியவை. எக்ஸ்எஸ் அளவை ஆர்டர் செய்து காத்திருங்கள். ஹேண்டில்பார் அகலம் தோள் அகலத்தை ஒட்டியும், பிரேக் லீவர் விரலுக்கு எட்டும்படியும் இருக்க வேண்டும். சீட் அகலம் இடுப்பெலும்பின் அகலத்தைப் பொறுத்தது, மெத்தென்று இருப்பதைப் பொறுத்ததல்ல.

6. கியரும் டயரும்

"சமதளம்தானே, கியர் எதற்கு?" என்று கேட்பார்கள். காற்றுக்குத்தான். முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு சக்கரம் உள்ள கிராங்க்கும், பின்னால் 11 முதல் 28 பல் வரை உள்ள சக்கரங்களை அடுக்கிய 11-28 கேசட்டும் டெல்டாவுக்குப் பொருந்தும். 11-34 போன்ற பெரிய கேசட்டில் ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அதிகம். எதிர்காற்றில் ஒன்று மிகவும் கனமாகவும் அடுத்தது மிகவும் லேசாகவும் இருந்து, கால் ஒரு தாளத்தில் நிற்காது. போட்டி மேடுபள்ளமான ஊரில் என்றால் அதற்கு மட்டும் கேசட்டை மாற்றலாம். உங்கள் டீரெய்லர், அதாவது பின்னால் செயினைக் கியர் மாற்றும் பாகம், எத்தனை பல் வரை தாங்கும், செயின் நீளம் போதுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷிமானோ நிறுவனத்தின் கியர் வரிசைகளில் கிளாரிஸ் பின்னால் 8 கியர், சோரா 9 கியர். இரண்டுமே பயிற்சிக்குப் போதும். மேலே போகிற பணத்தை டயரில் போடுங்கள்.

டயர் 28 மில்லிமீட்டர், கப்பி இருந்தால் 32. 70 கிலோ எடையுள்ளவருக்கு 28-இல் காற்றழுத்தம் சுமார் 75 பிஎஸ்ஐ. புதியவர்கள் கல் மாதிரி 110 வரை அடிக்கிறார்கள். டயர் குதிக்கிறது, மணிக்கட்டு வலிக்கிறது, வேகமும் கூடுவதில்லை.

வால்வைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரோடு சைக்கிள் டியூபில் இருப்பது ஒல்லியான பிரெஸ்டா வால்வு. நம் ஊர் பஞ்சர் கடைப் பம்பு இதில் பிடிக்காது. இருபது ரூபாய்ச் சாமான் மாதிரி ஒரு சிறிய பித்தளை அடாப்டர் கிடைக்கிறது. அதைத் திருகிவிட்டால் பைக்குக்குக் காற்றடிக்கும் கடையிலேயே அடித்துக்கொள்ளலாம். 700 அளவு டியூப் கிராமத்துக் கடையில் கிடைக்காது. இரண்டு டியூப், டயர் கழற்றும் லீவர், கைப்பம்பு, அடாப்டர் இல்லாமல் ஊரெல்லையைத் தாண்டாதீர்கள்.

7. வாங்கும் நாள்

மொத்தத் தொகையில் கால்வாசியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதிக்குத்தான் சைக்கிள் பாருங்கள். அந்தக் கால்வாசி ஹெல்மெட், முன்பின் விளக்கு, பேடு வைத்த ஷார்ட்ஸ், பம்பு, டியூப் எல்லாவற்றுக்கும். முழுப் பணத்தையும் சைக்கிளில் போட்டுவிட்டு விளக்கில்லாமல் இருட்டில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. ஹெல்மெட் போட்டியிலும் கட்டாயம்: சைக்கிளைத் தொடும் முன் வார் மாட்டியிருக்க வேண்டும், திரும்ப நிறுத்திய பிறகே கழற்ற வேண்டும்.

குறைந்தது இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கடை வாசலில் ஒரு சுற்று போதாது.

பழைய சைக்கிள் என்றால் செயினை அளந்து பாருங்கள். பன்னிரண்டு முழுக் கண்ணி (உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் சேர்ந்தது ஒன்று) சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயினோடு கேசட்டும் போயிருக்கும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடியது என்றால் உப்புக்காற்றில் சீட் கம்பி பிரேமோடு இறுகியிருக்கலாம். கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஹேண்டில்பார் முனை மூடிகள் இருக்கின்றனவா? திறந்த முனையோடு போட்டிக்குள் விடமாட்டார்கள்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

முதல் படியில் எடுத்த கால் அளவை 0.883-ஆல் பெருக்குங்கள். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6. பெடல் கைகள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட் மேல்புறம் வரை இந்த நீளம் வைத்துத் தொடங்குங்கள். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் உயரம். ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள், மாற்றினால் மூன்று நாளாவது ஓட்டிப் பாருங்கள். சீட் கம்பியில் இப்போதே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள். கார்பன் கம்பி என்றால் அதற்கென்று விற்கும் பேஸ்ட் மட்டும்.

முதல் மாதம் சாதாரண பெடல். பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் ஷூவை அப்புறம், காலியான மைதானத்தில் பழகுங்கள்.

ஏரோபார் மாட்டும் ஆசை இரண்டாம் வாரமே வரும். பொறுங்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கி.மீ., ஒலிம்பிக் தூரத்தின் சைக்கிள் பகுதிக்குச் சமம். அதில் பாதிக்கு மேல் கீழ்வளைவைப் பிடித்தபடி கழுத்து வலிக்காமல் ஓட்ட முடிந்த பிறகு மாட்டுங்கள். மாட்டும்போது சீட்டைச் சற்று முன்னே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் வயிறு மடங்கி மூச்சு முட்டும். ஊருக்குள்ளும் கூட்டத்திலும் அதில் கை வைக்காதீர்கள்.

காற்றுக் காலத்தில் முதலில் மேற்கே போய், திரும்பி வருங்கள். தெம்பு இருக்கும்போதே காற்றை முடித்துவிடலாம். மாற்றிச் செய்தவர்கள் முதுகுக் காற்றில் தூரம் தெரியாமல் போய்விட்டு, வெயிலில் திரும்ப முடியாமல் பஸ் தேடி நின்றிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு சோதனை. ஒன்றரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, ஐந்து நிமிடத்துக்குள் ஷூ மாட்டி 2 கி.மீ. ஓடுங்கள். முதல் சில நிமிடம் கால் மரமாக இருப்பது இயல்பு. 2 கி.மீ. முடிந்தும் இடுப்பும் கீழ்முதுகும் இளகவில்லை என்றால் ஸ்டெம்முக்கு அடியில் ஒரு வளையம் சேர்த்து ஹேண்டில்பாரை உயர்த்தி, அடுத்த வாரம் அதே சாலையில் இதையே திரும்பச் செய்யுங்கள்.